நேற்றுக் காலையிலிருந்து சொல்லுங்கள்

அந்த அப்பத்தா ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாக மயங்கிய நிலையில் எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டிருந்தார். இரத்தச் சர்க்கரை 42, மயக்கம் வரும் அளவுக்குக் குறைவு. டெக்ஸ்ட்ரோஸ் என்னும் சர்க்கரைக் கரைசலை ஏற்றியதும் கண் விழித்தவர், பக்கத்தில் நின்ற பேத்தியிடம் ஆட்டை யார் பிடித்துக் கட்டியது என்றுதான் முதலில் கேட்டாராம். முந்தைய இரண்டு முறையும் கேஸ் ஷீட்டில் ஏறக்குறைய ஒரே குறிப்பு எழுதப்பட்டிருந்தது: இன்சுலின் ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார், அளவு சரியாக இருக்கிறது, மூன்று வேளையும் சாப்பிடுகிறார். ஒவ்வொன்றும் சரியான கேள்விக்குக் கிடைத்த நேர்மையான பதில். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தாலும் அவர் ஏன் மயங்கி விழுகிறார் என்பது மட்டும் விளங்கவில்லை.

மறுநாள் காலை நான் பயிற்சிச் செவிலியர்களோடு அந்தப் படுக்கைக்குச் சென்றபோது, கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு, "அப்பத்தா, நேத்துக் காலையில எந்திரிச்சதுல இருந்து என்ன செஞ்சீகன்னு ஒண்ணு விடாமச் சொல்லுங்க" என்றேன். அவர் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். விடியுமுன் எழுந்ததையும், வாசல் தெளித்ததையும், குழாயில் இரண்டு குடம் தண்ணீர் பிடித்ததையும், வீட்டில் குளிர்பதனப் பெட்டி இல்லாததால் டப்பாவில் அடைத்து மண்பானைக்குள் வைத்திருக்கும் மருந்தை எடுத்து ஆறு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டதையும், நூறு நாள் வேலைக்குப் பேர் கொடுக்க நேரமாகிவிடும் என்று கஞ்சியைத் தூக்குச் சட்டியில் ஊற்றிக்கொண்டு கண்மாய்க்கு நடந்ததையும் சொன்னார். "கஞ்சியை எப்பக் குடிச்சீக?" என்று ஒரு பயிற்சிச் செவிலியர் கேட்டார். "வேலை விட்டு உக்காரும்போதுதான் தாயி, பதினொரு மணி இருக்கும். நீங்கதானே வெறும் வயித்துல போடச் சொன்னீக?"

நாங்கள் சொன்னது சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் என்று. அது அவர் காதில் வெறும் வயிற்றில் என்று விழுந்து, அவருடைய நாளின் ஒழுங்குக்குள் போய் உட்கார்ந்து, ஊசிக்கும் கஞ்சிக்கும் இடையில் ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது. அந்த ஐந்து மணி நேரத்தின் பெரும்பகுதி வெயிலில் மண் சுமப்பதில் போனது. மயங்கி விழுந்த மூன்று நாட்களும் வேலைக்குப் போன நாட்கள். நாங்கள் கேட்ட எந்தக் கேள்வியிலும் கண்மாய் இல்லை, தூக்குச் சட்டி இல்லை. ஆகவே பதிலிலும் அவை இல்லாமல் போயின.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செவிலியராக இருந்து, இப்போது செவிலியப் போதகராக இருக்கும் எனக்கு, தன் வாழ்வில் நடந்ததைத் தானே வரிசையாகச் சொல்வது என்னும் இந்த எளிய காரியத்தின் மீது ஏற்பட்டிருக்கும் மதிப்பை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். கதை சொல்வது பாட்டிகளுக்கும் மேடைப் பேச்சாளர்களுக்கும் உரியது என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. வேலை நடக்கும் இடத்தில் ஒருவர் "அன்னைக்கு என்ன ஆச்சுன்னா" என்று தொடங்கினால், "விஷயத்துக்கு வாங்க" என்கிறோம். நடந்ததைச் சொல்லும்போதுதான், கேட்பவருக்குக் கேட்கத் தெரியாததும் சொல்பவருக்கு முக்கியமென்று தோன்றாததும் சேர்ந்து வெளியே வருகின்றன. பல நேரங்களில் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

நேரம் எங்கே இருக்கிறது என்ற எதிர்க்கேள்வி நியாயமானது. புறநோயாளிகள் பிரிவின் வரிசையைப் பார்த்தவர்கள் யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் நேரத்தைப் பற்றிய நம் அச்சத்துக்கும் உண்மைக்கும் இடையே தூரம் இருக்கிறது. 1984ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, 74 மருத்துவச் சந்திப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தது. நோயாளி தன் முறையீட்டைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார், சொல்ல வந்ததை முழுமையாகச் சொல்லி முடித்தவர்கள் 23 சதவீதம் பேர்தான். அப்படியானால் குறுக்கிடாமல் விட்டால் எவ்வளவு நேரம் பேசுவார்கள்? சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 335 நோயாளிகளிடம் இதையே பார்த்தார்கள். 2002இல் வெளியான அந்த முடிவின்படி சராசரி 92 வினாடிகள், ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் இரண்டு நிமிடத்துக்குள் தாமாகவே பேசி முடித்துவிட்டார்கள். நம் ஊர்க் கூட்டத்துக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்பத்தா தன் காலைப் பொழுதைச் சொல்லி முடிக்க நான்கு நிமிடங்கள்கூட ஆகவில்லை. அதற்கு முன் மூன்று முறை ஆம்புலன்ஸ் ஓடியிருந்தது.

செவிலியர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் அனுபவங்களுக்கு இன்னொரு பயன் உண்டு. நான் பணியில் சேர்ந்த ஆண்டு எங்கள் வார்டில் ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார். மருந்து அலமாரியின் கதவில், மருந்தின் பெயரை எடுக்கும்போது ஒருமுறை, ஏற்றும்போது ஒருமுறை, வைக்கும்போது ஒருமுறை படிக்க வேண்டும் என்ற விதி ஒட்டப்பட்டிருந்தது. நாங்கள் எல்லோரும் தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்திருந்தோம். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் இரவுப் பணியில், ஓய்வாக இருந்த நேரத்தில், தமக்கு நடந்ததைச் சொன்னார். இருபது படுக்கைக்கு ஒரே செவிலியராக அவர் இருந்த ஓர் இரவில், ஆண்டிபயாடிக் பொடியைக் கரைக்க வாலை வடிநீர் எடுக்கப் போனவர், அதே அளவில் அதே போன்ற நிறமற்ற நீரோடு பக்கத்துத் தட்டில் இருந்த பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலை, அந்தச் சிறு கண்ணாடிக் குப்பியை, உடைத்துச் சிரிஞ்சில் இழுத்துவிட்டார். சலைன் பாட்டிலில் கலந்து மெதுவாக மட்டுமே ஏற்ற வேண்டிய மருந்து அது. நேராக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். உடைந்த ஆம்பியூலைக் குப்பையில் போடும்போது, அதன் மேல் ஒட்டியிருந்த தாளின் நிறம் வேறாக இருப்பது கண்ணில் பட்டிருக்கிறது. "அந்தப் பையனுக்குப் பதினாறு வயசு. அவங்க அம்மா பக்கத்துலயே தரையில படுத்துத் தூங்கிட்டு இருந்துச்சு" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு எத்தனை ஆயிரம் ஆம்பியூல்கள் என் கையால் உடைந்திருக்கும் என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் பெயரைப் படிக்கும்போது, நான் ஒருபோதும் பார்த்திராத அந்தத் தாய் தரையில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். அலமாரிக் கதவின் விதியும் அந்தச் சிஸ்டரின் அனுபவமும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன என்றாலும், விதி எந்த இரவிலும் நடக்காத ஒன்று. அவர் சொன்னது ஓர் இரவில், ஒரு வெளிச்சத்தில், களைத்துப்போன ஒரு கையால் நடந்தது. களைப்பான இரவில் எனக்கு நினைவுக்கு வருவதும் அதுதான்.

அவர் அதை எங்களிடம் சொன்னாரே தவிர, மேலதிகாரியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கும். ஆகவே எங்கள் வார்டு மட்டும் பாதுகாப்பாக ஆனது. பக்கத்து வார்டில் அந்த இரண்டு மருந்துகளும் அருகருகே இருந்த தட்டுகளில்தான் தொடர்ந்து இருந்தன. இதைப் பின்னாளில் எண்ணிப் பார்த்தபோது, வானூர்தித் துறையில் நடந்த ஒன்றோடு இது எவ்வளவு ஒத்திருக்கிறது என்று வியந்தேன். 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பயணிகள் விமானம், இறங்குவதற்கான அனுமதியைப் பிழையாகப் புரிந்துகொண்டு உரிய உயரத்துக்குக் கீழே வந்து வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதியது. அதில் இருந்த 92 பேரும் இறந்தனர். விசாரணையில் தெரியவந்தது என்னவென்றால், அதற்கு ஆறு வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானிகள் அதே இடத்தில் அதே பிழையைச் செய்து மயிரிழையில் தப்பியிருந்தார்கள். அவர்கள் நடந்ததைத் தங்கள் நிறுவனத்தில் சொல்லியிருந்தார்கள், அந்த நிறுவனமும் தன் விமானிகளை எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கை அடுத்த நிறுவனத்துக்குப் போகவில்லை.

இதன் பிறகு, விமானிகள் தங்களுக்கு நேர்ந்ததைத் தாமே எழுதி அனுப்பும் முறை ஒன்றை அமெரிக்க வானூர்தி நிர்வாகம் தொடங்கியது. ஆனால் தண்டிக்கும் அதிகாரம் உள்ளவரிடமே தன் பிழையைச் சொல்ல யார் முன்வருவார்கள்? அதனால் 1976 முதல் அந்தப் பொறுப்பு, உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் ஏதும் இல்லாத நாசாவிடம் ஒப்படைக்கப்பட்டது. எழுதியவரின் பெயரும் அடையாளமும் நீக்கப்பட்டு, நடந்தது மட்டும் எல்லோரும் படிக்கும்படி வைக்கப்படுகிறது. இன்றுவரை இலட்சக்கணக்கான அறிக்கைகள் வந்திருக்கின்றன. அவற்றில் பல, "நான் களைத்திருந்தேன்", "நான் கேட்டதாக நினைத்துக்கொண்டேன்" என்று தன்மையில் எழுதப்பட்டவை. ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்வதற்குத் துணிவு மட்டும் போதாது, சொன்ன பிறகு தான் நலமாக இருப்போம் என்ற உறுதியும் வேண்டும். அந்த உறுதியைத் தர வேண்டியது கேட்கும் இடத்தின் பொறுப்பு என்று நான் திடமாக நம்புகிறேன்.

போதகரான பிறகு முதல் மூன்று ஆண்டுகள் நான் அந்தச் சிஸ்டரின் அனுபவத்தைத்தான் மாணவிகளிடம் சொல்லிவந்தேன். நான்காம் ஆண்டு என்னுடையதைச் சொன்னேன். ஒரே பெயருடைய இரண்டு நோயாளிகளில் ஒருவருக்கு உரிய இரத்த மாதிரியை மற்றவர் பெயரில் அனுப்பியதும், ஆய்வகப் பணியாளர் ஒருவர் ஐயப்பட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டதால் தவறான வகை இரத்தம் ஏறாமல் தப்பியதும் என் வாழ்வில் நடந்தவை. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு மாணவி மட்டும் கதவருகே நின்றுகொண்டிருந்தார். "மேடம், போன வாரம் நைட் டியூட்டில..." என்று தொடங்கினார். அதற்கு முன் நான் வகுப்பெடுத்த மூன்று ஆண்டுகளில் வேறு எந்தப் பாடத்துக்குப் பிறகும் அப்படி ஒருவர் வந்து நின்றதில்லை. அவர் சொன்னதை வைத்து மறுநாளே அந்த வார்டின் அலமாரியில் ஒரு தட்டை மாற்றிவைத்தோம்.

மருத்துவமனைக்கு வெளியிலும் வேலையின் நுட்பம் இப்படித்தான் கைமாறுகிறது. எண்பதுகளில் ஜூலியன் ஆர் என்ற மானுடவியலாளர், நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஜெராக்ஸ் நிறுவனத் தொழிலாளர்களோடு சுற்றித் திரிந்து, அவர்கள் கையேட்டைக் காட்டிலும், சேர்ந்து சாப்பிடும்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் "அந்த மெஷின் என்ன பண்ணுச்சு தெரியுமா" என்ற பேச்சைத்தான் நம்பியிருந்தார்கள் என்று கண்டார். என் தம்பி மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறான். அவனிடம் இதைச் சொன்னபோது, "டீக்கடை இல்லேன்னா நான் தொழிலே கத்திருக்க மாட்டேன்க்கா" என்றான்.

எல்லா நேரமும் கதைக்கான நேரம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இதயத் துடிப்பு நின்ற நோயாளியின் அருகில் ஓடி வரும் மருத்துவரிடம் காலையிலிருந்து நடந்ததை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தால் அது குற்றம். நிலைமை என்ன, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, நான் வேண்டுவது என்ன என்று நான்கு வாக்கியங்களில் சொல்லும் முறையைச் செவிலியர்களுக்கு நாங்களே கற்பிக்கிறோம். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து மருத்துவமனைக்கு வந்த முறை அது. வேலைக்கான நேர்காணலிலும் இதே சுருக்கம் உதவும். "நான் பொறுமைசாலி, கடின உழைப்பாளி" என்று ஒப்பிக்கும் மாணவிகளிடம், அதைச் சொல்ல வேண்டாம், கொரோனா வார்டில் பாதுகாப்பு உடைக்குள் ஆறு மணி நேரம் நின்ற ஏதாவது ஒரு நாளை இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள், பொறுமையை அவர்களே கண்டுகொள்வார்கள் என்பேன்.

என் சின்ன மாமா குடியிலிருந்து மீண்ட கதைக்கு வருகிறேன். இதை எழுத அவருடைய சம்மதம் வாங்கியிருக்கிறேன். அவருக்கு அறிவுரை சொல்லாதவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. ஈரல் கெட்டுவிடும் என்று படம் காட்டி விளக்கியவள் நான். அவர் எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு அன்று மாலையே குடித்தார். ஒரு நண்பர் வற்புறுத்தி அழைத்துப்போன ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தில் அவருக்கு யாரும் அறிவுரை சொல்லவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் வாழ்க்கையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் குறுக்கே பேசவில்லை, தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டு மாதம் மாமா வாய் திறக்கவில்லை. ஒரு நாள் லாரி ஓட்டுநர் ஒருவர், மனைவிக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குள் பாட்டிலைப் புதைத்துவைத்ததையும், அவள் சோறாக்க அரிசி அள்ளும்போது தான் வாசலில் நின்று நடுங்கியதையும் சொன்னார். மாமா வைத்திருந்ததும் அரிசிப் பானையில்தான். தன்னைப்போல் ஒருவன் உலகத்தில் இருக்கிறான், அவன் இப்போது குடிக்காமல் சட்டை மடிப்புக் கலையாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் என்ற செய்தி, என் ஈரல் படம் நுழைய முடியாத இடத்துக்குள் நுழைந்தது.

அந்த அமைப்பு பிறந்ததே அப்படித்தான். 1935 மே மாதம், நியூயார்க்கிலிருந்து ஓஹியோவின் அக்ரன் நகருக்குத் தொழில் நிமித்தம் வந்து தோல்வியடைந்த பில் வில்சன் என்பவர், மீண்டும் குடித்துவிடுவோம் என்று அஞ்சி, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். குடிநோயாளியான பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரை அவர் சந்திக்க ஏற்பாடு செய்தார்கள். கால் மணி நேரம்தான் என்று சொல்லி வந்த மருத்துவர் ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். மதுவைப் பற்றி மருத்துவருக்குத் தெரியாததா? வில்சன் போதிக்காமல், தனக்கு நடந்ததைச் சொன்னார் என்பதுதான் வேறுபாடு. இதில் என்னை மிகவும் தொடுவது, வில்சன் மருத்துவரைக் காப்பாற்ற வரவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்ல வந்தார் என்பது. என் மாமாவும் பதினொரு ஆண்டுகளாகக் குடிக்காமல் இருந்தும் வாரந்தோறும் போகிறார். இப்போது எதற்கு என்று அத்தை கேட்டால், "புதுசா வர்றவனுக்கு அரிசிப் பானையை யாரு சொல்றது?" என்பார்.

வீட்டில் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மகன் பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தேறாமல் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் அவன் அப்பாவும் சொன்ன ஆறுதல்கள் அவனைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் என் அம்மா, முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே, எஸ்.எஸ்.எல்.சி.யில் தாம் கணக்கில் தோற்றதையும், முடிவு வந்த செய்தித்தாளை வாங்கிவந்த தாத்தா ஒன்றும் சொல்லாமல் அதை மடித்துக் கூரையில் செருகிவைத்ததையும், அக்டோபரில் மறுபடி எழுதியபோது அதே பேனாவை எடுத்துப்போகப் பயந்து பக்கத்து வீட்டில் பேனா கடன் வாங்கியதையும் சொன்னார். எனக்கே அது தெரியாது. அவன் அன்று ஒரு தட்டுச் சோறு கூடுதலாகச் சாப்பிட்டான். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில், பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள், பாட்டி தாத்தா எங்கே வளர்ந்தார்கள் என்பது போன்ற இருபது கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்டு, குடும்பக் கதைகளை அதிகம் அறிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பு கூடுதலாக இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். கதையே அந்தத் தன்மதிப்பைத் தருகிறதா, அல்லது உட்கார்ந்து பேசும் வழக்கமுள்ள வீடுகள் இயல்பாகவே நெருக்கமானவையா என்று எனக்கு ஐயம் உண்டு. ஆனாலும் அந்தக் கடன் வாங்கிய பேனாவின் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, சொல்லச் சொல்லி யாரையும் நெருக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாகப்பட்டினத்துக்குச் சென்ற மருத்துவக் குழு ஒன்றில் நான் இளைய செவிலியராக இருந்தேன். முகாம்களுக்கு வந்தவர்களில் பலர் நல்லெண்ணத்தோடுதான் வந்தார்கள். ஆனால் வந்தவர் ஒவ்வொருவரும், மனத்தில் இருப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்று சொல்லி, அலை எப்படி வந்தது, பிள்ளை கையிலிருந்து எப்படி நழுவியது என்று கேட்டார்கள். பேரிடருக்குப் பின் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறை நன்மை தருவதில்லை, சிலருக்குத் தீங்காகவும் முடியலாம் என்று அதற்கு முன்பே ஆய்வு மதிப்பீடுகள் வந்திருந்தன. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டில், நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள் என்றே இருக்கிறது. அன்று எனக்கு இவை எதுவும் தெரியாது. ஒருவரை நான்காம் முறையாக அதே கேள்விக்குப் பதில் சொல்லவைப்பதைப் பார்க்கத் தாங்காமல் இருந்தது மட்டும் தெரியும்.

அந்த முகாமில், காலில் ஆழமான வெட்டுக் காயத்தோடு ஓர் அக்கா இருந்தார். தினமும் நான் அவருக்குக் கட்டு மாற்றினேன். நான் எதையும் கேட்கவில்லை, அவரும் எதையும் சொல்லவில்லை. வலிக்கிறதா என்பதும் காலைத் தூக்கிவையுங்கள் என்பதும்தான் எங்களுக்குள் இருந்த பேச்சு. ஒன்பதாம் நாள், பொது அடுப்புக்காக அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது, நான் பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கினேன். அவர் முறத்திலிருந்து கண் எடுக்காமல் பேசத் தொடங்கினார். அரிசி முழுவதும் தீரும்வரை பேசினார். அன்று அவர் சொன்னதை நான் குறிப்பெடுக்கவில்லை, குழுத் தலைவரிடம் கொடுத்த அறிக்கையில் சேர்க்கவில்லை. இந்தப் பதிவிலும் எழுதப்போவதில்லை. அது அவருடையது.